மிடி தீர்ந்த கதை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்து, எங்கே பசியாறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கிள்ளானிலிருந்து மாமா.

"ஏம்மா, இந்த இணையத்துல விக்கிறதெல்லாம் உனக்குத்தான் தெரியுமே. வந்து பெட்டியை நாலு படம் எடுத்துப் போட்டு விடு. ஒருத்தன் முந்நூறு வெள்ளி தரேங்குறான். அதுக்கு மேல யாராவது கேட்டா கொடுத்துரலாம்."

மாமா 'பெட்டி' என்றால் அது கோர்க் எம்1. 1988-இல் வெளிவந்த ஜப்பானியச் சிந்தசைசர். கறுப்பு நிறம், 61 விசைகள், இடது பக்கம் ஒரு சின்னக் குச்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமா அதைத் தவணையில் வாங்கினார். அந்தத் தவணை முடியும்வரை அத்தை பேசாத பேச்சில்லை. ஆனால் அந்தப் பெட்டிதான் பிறகு பதினைந்து, இருபது வருடம் எங்கள் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களிலும் தோட்டக் கோயில் திருவிழாக்களிலும் பாடியது. சின்ன வயதில் மேடைக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவில் சுருண்டு படுத்துத் தூங்கியவள் நான். வானொலிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் அக்கா மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். படிவம் மூன்று படிக்கிறாள். தீபாவளி அங்பாவ் பணத்தையெல்லாம் சேர்த்து வைத்து, இணையத்தில் 49 விசை உள்ள கீபோர்டு ஒன்றை வாங்கியிருந்தாள். அதற்குச் சொந்தமாக ஒலி கிடையாது. கணினியோடு இணைத்தால்தான் பேசும். அதைத் தாத்தாவிடம் காட்ட வேண்டும் என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாமா பெட்டியைத் திறந்து மின்சாரத்தைப் போட்டார். அழுத்தினால் ஒன்பது விசைகள் ஊமை. கடையில் காட்டினாராம். உதிரிப் பாகம் கிடைக்காது, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் விற்பனை. நான் படம் எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் அந்தச் சின்னத் திரையில் ஓர் எச்சரிக்கை மின்னியதைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மின்கலம் தீரப் போகிறதாம்.

"இது என்ன மாமா?"

"அது ரொம்ப நாளா சொல்லுது. அது போச்சுன்னா உள்ள நான் செஞ்சு வெச்ச சத்தமெல்லாம் போயிரும். விக்கிற பெட்டிதானே, விடு."

பழைய பெட்டிகளில் இது பொதுவான அமைப்பு. தொழிற்சாலையில் பதித்த மூல ஒலிகள் அழியாது. ஆனால் வாசிப்பவர் அவற்றைத் திருத்தி, கலந்து, பெயர் வைத்துச் சேமிப்பவை எல்லாம் ஒரு சின்ன நாணயம் அளவுள்ள மின்கலத்தின் தயவில் உயிரோடு இருக்கின்றன. எம்1-இல் அப்படி 100 ஒலிகளுக்கு இடம் உண்டு. நகல் எடுத்து வைக்க நினைவு அட்டை ஒன்றும் விற்றார்கள். மாமாவிடமும் ஒன்று இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த அட்டைக்குள்ளும் ஒரு மின்கலம். அது எப்போதோ தீர்ந்துபோய்விட்டது.

அக்கா மகள் ஒலிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். திரையில் ஆங்கில எழுத்தில் 'நாதஸ்வரம்' என்றிருந்தது. அந்தப் பெட்டியில் ஒரு பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். நாதஸ்வரத்தை ஆங்கிலத்தில் எழுதினால் கச்சிதமாகப் பத்து. எண்ணிப் பாருங்கள்.

வேலை செய்யும் விசை ஒன்றை மாமா வலது கையால் அழுத்தி, இடது கையால் அந்தக் குச்சியை மெல்ல அசைத்தார். அசல் நாதஸ்வரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் ஆறு வயது அங்கே வந்து நின்றது. என் அம்மாவின் தங்கை கல்யாணத்தில், ஊரிலிருந்து மேளக்காரர்கள் வர முடியாமல் போய், தாலி கட்டும் நேரத்தில் மாமா இதைத்தான் வாசித்தார். ஓபோ ஜாதி ஒலி ஒன்றை எடுத்து, இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து திருத்தித் திருத்திச் செய்ததாம். ஓபோவும் நம் நாதஸ்வரம் மாதிரிச் சீவாளி வைத்து ஊதுவதுதான் என்பது மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "காது இருக்கில்ல" என்றார்.

எனக்குப் படம் எடுக்க மனம் வரவில்லை. "மாமா, இதை மிடி வழியாக வெளியே எடுத்து வைக்கலாம். இவளோட கீபோர்டை இதோடு சேர்த்துட்டா செத்த விசையைப் பத்தியும் கவலை இல்லை" என்றேன். பெரிய ஆள் மாதிரிதான் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது மிடி பற்றி ஒரு விரிவுரை உண்டு. தேர்வில் நல்ல புள்ளிகளும் வாங்கியிருக்கிறேன். கேபிளைக் கையில் பிடித்ததுதான் இல்லை.

மாமா சிரித்தார். "மிடின்னா தமிழ்ல வறுமைம்மா. தெரியுமா? நான் மிடி வாங்கி மிடி வந்தவன்."

நம்மில் பலருக்கு மிடி என்றால் ஒலி என்ற எண்ணம். பழைய கரோக்கே பாடல்கள், அந்தத் தகர டப்பா சத்தம், அதுதான் மிடி என்று நினைக்கிறோம். மிடி கேபிளில் ஒரு துளி ஒலிகூட ஓடுவதில்லை. ஓடுவது விரலின் செய்தி. எந்த விசை, எவ்வளவு வேகத்தில், எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது. அவ்வளவுதான். விசைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது பட்டதற்கும் இரண்டாவது பட்டதற்கும் இடையில் உள்ள நேரத்தை வைத்துப் பெட்டி வேகத்தைக் கணக்கிட்டு, 1 முதல் 127 வரை ஓர் எண் கொடுக்கும். நடு ஸ்தாயியின் 'சி' விசைக்கு எண் 60. ஆக, '60-ஆம் விசை, வேகம் 90' என்று மூன்று சிறு துண்டுகளாக ஒரு செய்தி கிளம்புகிறது. அது போய்ச் சேர ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வாங்கிக்கொள்ளும் பெட்டி அதைத் தன் குரலில் பாடுகிறது. பியானோவாகவோ, புல்லாங்குழலாகவோ, மாமாவின் நாதஸ்வரமாகவோ.

இப்படி யோசித்தால் மாமாவின் பெட்டிக்கு வந்தது சாவு இல்லை. கை முடங்கியிருக்கிறது, குரல் நன்றாக இருக்கிறது. அக்கா மகளின் கீபோர்டுக்குக் கை உண்டு, குரல் இல்லை. இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கி அன்று மாலை ஐந்து மணி வரை எங்களை ஆட்டி வைத்தது.

எம்1-இன் பின்புறத்தில் வட்டமான மூன்று துளைகள். ஒவ்வொன்றிலும் அரை வட்டமாக ஐந்து பொட்டுகள். உண்மையில் அந்த ஐந்தில் மூன்றுக்குத்தான் மிடியில் வேலை. 'இன்', 'அவுட்', 'துரு' என்று எழுதியிருக்கும். 'அவுட்' வாய். 'இன்' காது. 'துரு' இருக்கிறதே, அது காதில் விழுந்ததை அப்படியே பக்கத்து வீட்டுக்குச் சொல்லும் ஆள். ஒருவர் வாயை இன்னொருவர் காதில் வைக்க வேண்டும். வாயும் வாயும் சேர்ந்தால் ஒன்றும் நடக்காது.

அக்கா மகளின் கீபோர்டில் வட்டத் துளையே இல்லை. யூஎஸ்பி மட்டும்தான். போகும் வழியில் நான் ஒரு கேபிள் வாங்கியிருந்தேன். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனையில் இரண்டு வட்டச் செருகிகள். இதைத் தேடிக் கண்டுபிடித்ததற்கு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். வீட்டில் கிடந்த மாற்றியை வைத்து யூஎஸ்பி முனையைக் கீபோர்டில் செருகினேன். வட்டத்தை எம்1-இல் செருகினேன். அழுத்தினாள். மௌனம்.

இங்கேதான் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யூஎஸ்பி உலகில் எப்போதும் ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. கணினி வீட்டுக்காரர். கீபோர்டு விருந்தாளி. நான் வாங்கிய கேபிளும் விருந்தாளிதான். இரண்டு விருந்தாளிகள் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் கதவை யார் திறப்பது? நடுவில் ஒரு கணினி வேண்டும். அல்லது வீட்டுக்காரராக நடந்துகொள்ளவென்றே செய்த சின்னப் பெட்டி ஒன்று தனியாக விற்கிறது, அது வேண்டும். சில கைப்பேசிகளும் தட்டைக் கணினிகளும்கூட, அதற்கான இணைப்பியைப் போட்டால், அந்த வேலையைச் செய்யும்.

நல்லவேளை, அவள் மடிக்கணினியைக் கொண்டு வந்திருந்தாள். கீபோர்டு கணினிக்கு, கணினியிலிருந்து அந்தக் கேபிள் எம்1-க்கு. மறுபடி அழுத்தினாள். மறுபடி மௌனம்.

கேபிளின் வட்டச் செருகிகளில் 'இன்', 'அவுட்' என்று அச்சடித்திருந்தது. 'இன்' என்றால் பெட்டியின் 'இன்' துளையில் செருக வேண்டியதா, அல்லது கேபிளே காதாக இருக்கும் முனையா? மலிவுக் கேபிள்களில் ஆளுக்கொரு விதமாக அச்சடிக்கிறார்கள். மாற்றிச் செருகிப் பார்ப்பதுதான் வழி. மாற்றிச் செருகினால் எதுவும் கெட்டுப்போகாது. மிடியின் காதுக்குள் மின்சாரம் நேராக நுழைவதே இல்லை. வரும் மின்குறி ஒரு குட்டி விளக்கை மினுக்கும். எதிரே ஓர் ஒளி உணரி அந்த மினுக்கலைப் பார்த்து எழுதிக்கொள்ளும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் மின் தொடர்பு கிடையாது, ஒளித் தொடர்புதான். அதனால்தான் தோட்டத்துப் பந்தலில் மின்னாக்கி உறுமிக்கொண்டிருந்த காலத்தில்கூட, இந்தக் கேபிள் வழியாக ஒரு பெட்டியின் இரைச்சல் மறு பெட்டிக்குத் தாவியதில்லை. மாமாவுக்குக் காரணம் தெரியாது. ஆனால் "மிடி ஒயர்ல மட்டும் இரைச்சல் வராது" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மாற்றிச் செருகினோம். அப்போதும் மௌனம்.

அக்கா மகள் மடிக்கணினியை மேலும் கீழும் பார்த்தாள். "ஸ்பீக்கர் முழுசா வெச்சிருக்கேனே, சித்தி!" மாமா அடக்க முடியாமல் சிரித்தார். "பாடுறது என் பெட்டி. சத்தம் உன் கணினியில எப்படி வரும்?" எம்1-இன் ஒலி வெளியேறும் துளையிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தனிக் கேபிள் போட வேண்டும். மேலே நான் இவ்வளவு நீட்டி முழக்கிச் சொன்னேனே, மிடியில் ஒலி ஓடாது என்று, அதை நானே மறந்திருந்தேன்.

அந்தக் கேபிளையும் போட்டோம். இல்லை.

கடைசித் தடை என்ன என்று கண்டுபிடித்தவர் மாமா. மிடிக்கு 16 தடங்கள் உண்டு. ஒரே கேபிளில் பதினாறு வாத்தியங்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பலாம். கீபோர்டு முதல் தடத்தில் பேசிக்கொண்டிருந்தது. எம்1 மூன்றாம் தடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. வானொலியில் பத்து வருடம் அலைவரிசை எண்ணைச் சொல்லியே சம்பளம் வாங்கும் எனக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

ஏன் மூன்று? மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர்கள் இசைக்குழுவில் முதல் கீபோர்டு வாசித்த நண்பர் தன் பெட்டியிலிருந்து மாமாவின் பெட்டியையும் சேர்த்து இயக்குவாராம். அதற்கு வைத்த தடம் மூன்று. அந்த நண்பர் இப்போது இல்லை. குழுவின் கடைசி நிகழ்ச்சிக்கு வைத்த அமைப்பு அப்படியே உள்ளே இருந்திருக்கிறது.

"ஒரு தடவை ஒரு தோட்டத்துல திருவிழா. பாட்டு நடுவுல யாரோ காலால ஒயரை இழுத்துட்டான். என் பெட்டி ஒரே சுரத்துல 'ஊஊ'ன்னு நின்னுடுச்சு. நிக்கவே மாட்டேங்குது. அவன் என்ன பண்ணினான் தெரியுமா? அதையே சுருதியா வெச்சு ஒரு விருத்தம் பாட ஆரம்பிச்சுட்டான். ஜனம் கைதட்டுது!"

விசையை அழுத்தியதற்கு ஒரு செய்தி, விட்டதற்கு ஒரு செய்தி என்றேன் அல்லவா? விட்ட செய்தி வருவதற்குள் கேபிள் கழன்றால் பெட்டி காத்துக்கொண்டே இருக்கும், பாடிக்கொண்டே. அப்படி ஆனால் பதறாதீர்கள். பெரும்பாலான கருவிகளில் எல்லாச் சுரங்களையும் நிறுத்தச் சொல்லும் வசதி உண்டு. இல்லையென்றால் அணைத்துவிட்டுப் போடுங்கள்.

தடத்தை மாற்றினோம். அக்கா மகள் அழுத்தினாள். முப்பது வருடப் பெட்டி போன வருடம் வாங்கிய கீபோர்டின் பேச்சைக் கேட்டுப் பாடியது.

இது சாதாரண விஷயமா என்று அன்றிரவு நெடுஞ்சாலையில் வரும்போது யோசித்தேன். என் முந்தைய கைப்பேசியின் மின்னூட்டி இப்போதைய கைப்பேசிக்குச் சேராது. எண்பதுகளின் தொடக்கம் வரை இசைக்கருவிகளும் அப்படித்தான் இருந்தன. ஒரு நிறுவனத்தின் சிந்தசைசர் மற்ற நிறுவனத்தின் பேச்சைக் கேட்காது. அமெரிக்காவில் டேவ் ஸ்மித் என்ற பொறியாளர், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர், எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று 1981-இல் ஒலிப் பொறியாளர்கள் மாநாட்டில் கட்டுரை வாசித்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை உருவாக்கிய இக்குதாரோ காக்கேஹாஷிக்கும் அதே யோசனை. இளமையில் கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்த மனிதர் அவர். போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்தன. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புரொஃபெட் 600-ஐயும் ரோலண்டின் ஜூப்பிட்டர் 6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் இரண்டும் பாடின. அதே ஆண்டு ஆகஸ்டில் மிடியின் முதல் பதிப்பு வெளியானது.

எனக்குப் பிடித்த பகுதி, அதற்கு அவர்கள் உரிமத் தொகை கேட்கவில்லை என்பது. யார் வேண்டுமானாலும் தங்கள் கருவியில் இலவசமாகப் பொருத்திக்கொள்ளலாம். அதனால் எல்லோரும் பொருத்தினார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2013-இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். காக்கேஹாஷி 2017-இலும் ஸ்மித் 2022-இலும் காலமானார்கள். 2020-இல் மிடியின் இரண்டாம் பதிப்பு அறிவிக்கப்பட்டது. அதிலும் பழைய கருவிகளைக் கைவிடாமல் பேசும்படிதான் செய்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மாமாவின் அழைப்பு.

"என்ன பண்ணி வெச்சீங்க? பெட்டி செத்துப்போச்சு! ஒரு விசையும் பேசல!"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிறகு பின் இருக்கையிலிருந்து அக்கா மகள், "தாத்தா, லோக்கல் ஆஃப்ல இருக்கு" என்றாள். கணினியோடு சோதனை செய்தபோது, எம்1-இன் விசையை அழுத்தினால் பெட்டி தானே ஒருமுறை பாடியது. அதே செய்தி கணினிக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை பாட வைத்தது. சத்தம் இரட்டையாகி, தகரத்தை உரசுவது போல இருந்தது. அதைத் தடுக்க, பெட்டியின் சொந்த விசைகளுக்கும் அதன் குரலுக்கும் இடையே உள்ள தொடர்பைத் துண்டித்து வைத்தோம். அதைத் திரும்பச் சேர்க்காமலும், பெட்டியை அணைக்காமலும் கிளம்பி வந்துவிட்டோம். கணினியும் எங்களோடு வந்துவிட்டதால், மாமாவின் பெட்டி தன் கையையே தான் அறியாமல் உட்கார்ந்திருந்தது. அக்கா மகள் கைப்பேசியில் வழி சொன்னாள். "ஆங், வந்துருச்சு" என்று ஒரு குரல். பின்னாலேயே நாதஸ்வரம்.

ஆனால் முக்கியமான வேலை இன்னும் மீதி இருந்தது. மின்கலம் தீர்வதற்குள் அந்த ஒலிகளைக் காப்பாற்ற வேண்டும்.

மிடியில் விரலின் செய்தி மட்டுமல்ல, ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கென்று வைத்துக்கொண்ட தனி மொழிச் செய்தியும் போகும். பெட்டியில் உள்ள அத்தனை அமைப்பையும் ஒரே மூச்சில் வெளியே கொட்டச் சொல்லலாம். கணினி அதைப் பிடித்துக் கோப்பாக வைத்துக்கொள்ளும். அடுத்த சனிக்கிழமை அதைத்தான் செய்தோம். இப்போது கணினியும் பெட்டியும் இரண்டு பக்கமும் பேச வேண்டும், அதனால் இரண்டு வட்டச் செருகிகளும் வேலையில். மாமா பொத்தானை அழுத்தினார். சில வினாடிகளில் கோப்பு வந்துவிட்டது. நான் கைதட்டினேன்.

அக்கா மகள் கைதட்டவில்லை. "இன்னொரு தடவை எடுக்கலாம், சித்தி." எடுத்தோம். கோப்பின் அளவு வேறு. மூன்றாவது தடவை இன்னும் வேறு. பெட்டியில் எதையுமே மாற்றாதபோது அளவு எப்படி மாறும்? நான் வாங்கிய மலிவுக் கேபிள் நீண்ட செய்தியைப் பாதியில் தின்றுகொண்டிருந்தது. விசைகளை வாசிக்கும்போது இந்தக் குறை தெரியாது, அந்தச் செய்திகள் குட்டி. இதில்தான் தெரியும். முதல் கோப்பை நம்பி மின்கலத்தை மாற்றியிருந்தால் எல்லாம் போயிருக்கும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் நிலையத்துத் தொழில்நுட்பர் ஒருவரிடம் நல்ல மிடி இணைப்பி ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிள்ளான் போனேன். மூன்று முறை எடுத்தோம். மூன்றும் ஒரே அளவு. ஒன்று மடிக்கணினியில், ஒன்று விரலியில், ஒன்று என் மின்னஞ்சலில். ஒரு மனிதரின் பதினைந்து வருட இரவு வேலை, கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தூசு அளவு.

பழுது பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்கே வந்து மின்கலத்தை மாற்றிக் கொடுத்தார். பழையதைக் கழற்றியதும் எதிர்பார்த்தபடியே எல்லாம் போய்விட்டது. 'நாதஸ்வரம்' இருந்த இடத்தில் ஏதோ குப்பை எழுத்துகள். அத்தை சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உள்ளே போனார்.

கோப்பைத் திருப்பி அனுப்பினோம். கணினி அனுப்பியதாகச் சொன்னது. பெட்டியில் அதே குப்பை எழுத்துகள். மீண்டும் அனுப்பினோம். அதே. மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பரவாயில்லம்மா. இவ்வளவு தூரம் பார்த்தீங்களே" என்றார். அந்தச் சமாதானக் குரலைத் தாங்க முடியவில்லை.

பெட்டியின் பட்டியலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோது அகப்பட்டது. நினைவைப் பாதுகாக்கும் பூட்டு ஒன்று உள்ளே இருக்கிறது. தெரியாமல் யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக. மின்கலம் மாற்றியபின் அது பூட்டிய நிலையில் இருந்திருக்கிறது. திறந்தோம். அனுப்பினோம். பத்து எழுத்தும் வரிசையாக வந்து நின்றது.

அத்தைதான் முதலில் பேசினார். "அந்தக் கல்யாண சத்தத்தைப் போடுங்க."

இப்போது சனிக்கிழமை மாலைகளில் அக்கா மகள் கிள்ளான் போகிறாள். பியானோ கற்றவள், சுரத்தைச் சுத்தமாக அழுத்துகிறாள். கமகம்தான் வரவில்லை. அவள் கீபோர்டில் குச்சிக்குப் பதிலாக ஒரு சக்கரம். சுரத்தை வளைக்கும் செய்திக்கு மிடியில் 16,384 படிகள் உண்டு, அதனால் வழுக்கல் நன்றாகவே வரும். ஆனால் சக்கரம் 'பாதி வளைந்தேன்' என்று மட்டும்தான் சொல்லும். பாதி என்றால் அரைச் சுரமா, இரண்டு சுரமா என்பதைக் கேட்கும் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். மாமா அதைக் கூட்டிக் குறைத்து அவள் கைக்கு ஏற்றபடி வைத்துக் கொடுத்தார். இன்னொரு தொல்லை, அந்தச் செய்தி ஒரு தடம் முழுவதற்கும் பொது. இடது கையில் சுருதியைப் பிடித்துக்கொண்டு வலது கையில் வளைத்தால் சுருதியும் சேர்ந்து வளைகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தடம் கொடுத்து இதைத் தீர்க்கும் முறை 2018-இல் மிடியில் முறைப்படி சேர்ந்துவிட்டது. விசைகளே இல்லாமல் விரலை இழைத்து வாசிக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஏ.ஆர்.ரஹ்மான் வாசிக்கும் கண்டினுயம் அப்படிப்பட்டது. 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலின் முடிவில் கேட்கலாம். எங்கள் வீட்டு வழி எளியது. சுருதியைக் கைப்பேசியில் போட்டுவிட்டோம்.

பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத்து விளக்குகளைப் பார்ப்பதோடு பின்பக்கத் துளைகளையும் பாருங்கள். வட்டத் துளை இருந்தால் பழைய பெட்டிகளோடு நேராகப் பேசும். யூஎஸ்பி மட்டும் இருந்தால் நடுவில் ஒரு வீட்டுக்காரர் வேண்டும். சில புதிய கருவிகளில் காதணி கேட்பொறித் துளை போலச் சின்னதாக ஒன்று இருக்கும், அதுவும் மிடிதான். அதற்கான மாற்றியில் இரண்டு ரகம் உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள். மிடி கேபிள் 15 மீட்டருக்கு மேல் வேண்டாம். வீட்டு அலமாரி மேல் யாருடைய பெட்டியாவது துணி போர்த்திக் கிடந்தால், விசை ஊமை என்பதற்காகத் தூக்கிப் போடுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். கேபிள் மாற்றிச் செருகுவதில் எனக்கு இப்போது அனுபவம் உண்டு.

போன சனிக்கிழமை நானும் போயிருந்தேன். "இழுக்காதே, அதைக் கொஞ்சு" என்று மாமா அவள் இடது கையைப் பிடித்துச் சக்கரத்தை நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. முந்நூறு வெள்ளிக்காரர். இப்போது நானூறு தருகிறாராம்.

"இல்லப்பா" என்றார் மாமா. "அது வேலைக்குப் போயிருக்கு."